இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள்

"எதற்கு வேண்டும்?" என்றான் தொகொல்தொர்.
சட்டைப்பையில் பெயர் தொங்கியது, அதனால் தெரியும்.
"பள்ளிக்கு" என்றேன்.
உடனே என் மகனைப் பார்த்தான்.
பள்ளி என்றால் பதினான்கு வயது
என்று நினைப்பவனைக் குறை சொல்ல முடியாது.
இவனுக்கும்தான். ஆனால்
மாலை ஆறரைக்குக் கணக்கியல் வகுப்பு
எனக்கு.

எட்டு, பதினாறு, இருநூற்று ஐம்பத்தாறு
என்று எண்களாக இறக்கினான்.
ரேம் என்றால் சமையல் மேடையாம்,
ஸ்டோரேஜ் என்றால் அலமாரியாம்.
நாளைக்கு நூறு பேருக்குச் சொல்லி
ஓரம் தேய்ந்த உவமை.
மேடை சின்னதென்றால்
ஒன்றை இறக்கி வைத்துத்தான் இன்னொன்றை வெட்டலாம்.
புரிந்தது.
எங்கள் வீட்டில் ஒரே மேசை,
மாவு பிசைவதும் அதில்தான், இவன் வடிவியலும் அதில்தான்.

தொல்கோன் இதற்குள் எதிர்வரிசைக்குப் போயிருந்தான்.
அங்கே ஒன்று, விசைகளுக்கடியில் சிவப்பும் நீலமும் ஓட,
கல்யாண மண்டபம்போல் மின்னிக்கொண்டிருந்தது.
"தூக்கிப் பார்."
தூக்கினான்.
"இதை முதுகில் போட்டுக்கொண்டு
சிங்கில்தேய் சரிவின் பனிப்படிகளில் தினமும் ஏறுவாயா?"
"ஏறுவேன்."
காதலில் விழுந்தவன் வேறென்ன சொல்வான்.

பதினொரு வருடமாகக் கஷ்மீர் ஆலையில்
மயிர் பிரிக்கிறேன்.
கண்ணை மூடிக்கொள்கிறேன், ஒரு பிடி கொடுங்கள்,
முரடு எது, மெல்லியது எது,
எந்த ஆடு பனியில் பட்டினி கிடந்தது,
விரல் சொல்லும்.
இங்கே விரலுக்கு வேலையில்லை என்று
கைகளைக் கோட்டுப்பைக்குள் வைத்திருந்தேன்
முக்கால் மணி நேரம்.

ஏன் வைத்திருக்கிறேன்?

எடுத்தேன்.
ஒற்றை விரலால் மூடிகளைத் தூக்கினேன்.
முதலாவதன் கீல் குடிகாரன் கழுத்துபோல் ஆடியது.
இரண்டாவதன் விசைகள் சொதசொத.
மூன்றாவது சாம்பல் நிறம், யாரும் திரும்பிப் பார்க்காதது,
அழுத்தினால் இறங்கி, விட்டால் எழுந்தது
வேலை தெரிந்தவள்போல.

"பிராசசர் போன வருடத்தது" என்றான், நேர்மையாக.
போன வருடம் நானும் இருந்தேன் என்றேன்.
"பெரிய விளையாட்டெல்லாம் ஓடாது."
தொல்கோன் கூரையைப் பார்த்தான்.
"பேட்டரி?"
"ஒன்பது மணி நேரம்."
ஜனவரி மாலைகளில் மொத்தச் சரிவும்
ஒரே நேரத்தில் ஹீட்டர் போடும்.
மின்சாரம் மயங்கி விழும்.
ஒன்பது போதும்.

விசைகளில் ஆங்கிலமும் ரஷ்யமும்தான்.
எங்களுக்கென்று கூடுதலாக உள்ள இரண்டு உயிரெழுத்துகள்,
வயிற்றில் கோடு கிழித்த ஒரு வட்டம்,
கைகளை உயர்த்தி நிற்கும் ஒரு ஒற்றைக்கால்,
ஸ்டிக்கராகத் தனி உறையில் இருந்தன.
மூவாயிரம் துக்ரிக்.
"அந்த வட்டம் என் மகன் பெயரில் மூன்று முறை வருகிறது,
அதற்குமா காசு?"
"என் பெயரிலும் மூன்று, அக்கா"
என்று சிரித்துச் சும்மாவே கொடுத்தான்.

வெளியே உலான்பாத்தர்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பேருந்து நிறுத்தம்வரை கோட்டில்லாமல் ஓடிவந்தான்:
"போனதும் திறந்துவிடாதீர்கள்.
குளிரிலிருந்து சூட்டுக்கு வந்தால் உள்ளே வியர்த்துவிடும்.
இரண்டு மணி நேரம் பெட்டியிலேயே இருக்கட்டும்."
அன்று அவன் சொன்னவற்றில்
இரண்டாம் முறை கேட்காமல் விளங்கியது இதுதான்.
வெளியிலிருந்து வந்ததும்
நானும் யாருடனும் பேசுவதில்லை.

அடுப்பிலிருந்து தள்ளி, கட்டில்மேல் வைத்தோம்.
காகிதத்தில் கட்டம் போட்டேன்.
நாலிலிருந்து ஆறுவரை அவன்.
ஆறிலிருந்து ஒன்பது, வகுப்புக்கு என்னோடு.
பிறகு தூங்கும்வரை யாருக்கு வீட்டுப்பாடம் அதிகமோ அவருக்கு.
ஞாயிறு என்று எழுதிய கட்டத்தில்
இரண்டு பேரின் விரலும் ஒன்றாக வந்து விழுந்தன.

அவன் விரலை எடுக்கவில்லை.
நானும்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"
"ஒரு மணி ஐம்பது நிமிடம்."