இடப்பக்கம் குணாளன்

பத்து மாவோங் படகுத்தளத்தில்
நான்கு இரும்புக் கால்களில் நிற்கிறது
எங்களுக்குப் பொதுவாய் மிஞ்சிய ஒரே பொருள்.
இருபத்து மூன்று அடி. ஃபைபர். ஒற்றைப் பாய்மரம்.
வீட்டை விற்றாயிற்று. காரை அவன் எடுத்துக்கொண்டான்.
பூனை தானாகவே என்னுடன் வந்துவிட்டது.
இதை மட்டும் இந்த நிலையில்
யாரும் வாங்கமாட்டார்கள் என்றார்கள்.

ஆகவே ஞாயிறுதோறும்
இடப்பக்கம் குணாளன், வலப்பக்கம் நான்.
ஒருவர் தேய்ப்பது மற்றவருக்குக் கேட்கும்,
தெரியாது.

எண்பதாம் நம்பர் உப்புத்தாள்.
சிவப்பு உதிர்ந்தது, அதன்கீழ் நீலம்,
நீலத்தின் கீழ் யாரோ அடித்த அசட்டுப் பச்சை.
பின்புறத்தில் 'செரோஜா' என்று ஒரு பெயர் எழும்பி வந்தது.
நாங்கள் வைத்த பெயர் எதுவும் இல்லை.
எட்டு வருடம் பேசியும் முடியாத விஷயம் அது.

தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே கொப்புளங்கள்.
ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்தினால்
புளித்த காடி நாற்றத்துடன்
ஒரு துளி முகத்தில் தெறிக்கும்.
என் பக்கம் நூற்றிப் பதினேழு எண்ணினேன்.
"இங்கே தொண்ணூறுதான்" என்றான் அவன்,
ஏதோ ஜெயித்தவன் போல.

குத்தியதைக் கழுவிக் காயவிட வேண்டும்.
காய்ந்தபிறகுதான் எபோக்சி.
ரொஸ்லான் ஈரமானியை வைத்துப் பார்ப்பார்:
இருபத்தாறு. அடுத்த மாதம் இருபத்து நான்கு.
பினாங்கில் காற்றே பாதி தண்ணீர்.
"சாபார்லா காக்" என்றுவிட்டு
அடுத்த படகுக்குப் போய்விடுவார்.
நீதிமன்றம் ஐந்தே மாதத்தில் முடித்துக் கொடுத்தது.
முத்திரை வைத்த தாள் கைக்கு வந்த வாரம்
படகு பத்தொன்பதில் நின்றது.

மழைமாதம் முழுக்க உள்ளே வேலை.
ஸ்பாஞ்சு மெத்தையில் கறுப்புப் பூஞ்சை.
ஒட்டுப்பலகைத் தடுப்பில் விரல் வைத்தால்
தேநீரில் ஊறிய பிஸ்கட்.
அலமாரியில், ஜெரெஜாக் தீவைச் சுற்றிய ஒரே பயணத்தின்
நெத்திலிப் பொட்டலம், மாவாகி.

தரைப்பலகையின் கீழ், எண்ணெய்த் தண்ணீரில்,
விலாக்கட்டையின் மூலையில் துருவால் ஒட்டிக்கொண்டு
கிடந்தது பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
மூன்று வருடத்துக்கு முன் அதற்காகத்தான்
ஓர் இரவு முழுக்கக் கத்தினோம்.
"நீதான் கடைசியாக வைத்திருந்தாய்."
யார் சொன்னது என்பது இப்போது நினைவில்லை,
இருவரும் சொல்லியிருப்போம்.

வெளியே அவன் தேய்த்துக்கொண்டிருந்தான்.
கூப்பிட வாய் திறந்தேன்.
பிறகு பிசினைக் கலந்தேன், ஐந்துக்கு ஒன்று,
கண்ணாடி நாரை இரண்டு அடுக்கு விரித்து
மூடிவிட்டேன்.
சாயங்காலத்துக்குள் கல்லாகிவிட்டது.

பன்னிரண்டு வந்தது மார்ச்சில்.
வாங்க வந்தவர் தைப்பிங் பல் மருத்துவர், கூ.
ஐம்பது காசு ஒன்றை எடுத்து
முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வந்தார்,
டிங், டிங், டிங்,
சொத்தையைத் தேடுகிறவர்தானே.
உள்ளே இறங்கித் தரைப்பலகையை நீக்கித் தட்டியபோது
ஓரிடத்தில்
டொக்.
நிமிர்ந்து பார்த்தார்.

எனக்கு முன் குணாளன் சொன்னான்,
கையைத் துணியில் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல்:
"அங்கே இரட்டை அடுக்கு, டாக்டர். என் கைவேலை."

கிரேன் கூலியைப் பாதிப் பாதி கொடுத்தோம்.
இறக்கியபோது
நாங்கள் மூன்று முறை அளந்து அடித்த கோட்டுக்கு
இரண்டு விரல் மேலே நின்றது தண்ணீர்.
கூ பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.