வண்டு துளைத்த பருப்பு

மண்ணைத் தொட்டி நீரில் கொட்டினால்
கல் அடங்கும், களி அடங்கும்,
கரி மட்டும் மேலே வரும்.
இவ்வளவுதான் என் தொழில்.
எட்டாயிரம் ஆண்டுக்கு முன் எரிந்த வீடு
மெல்லிய துணியில்
தேயிலைச் சக்கை போல வந்து ஒட்டும்.
நிழலில்தான் உலர்த்த வேண்டும்.
வெயில் பட்டால் விதை வெடித்துவிடும்.

டைக்ரிஸ் ஆற்றின் வளைவில்
இருபத்தேழு வீடுகள் கொண்ட மேடு.
கீழே அணை எழும்பியாயிற்று.
மதகு மூடும் தேதி
சாப்பாட்டுக் கூடாரத்தில் ஒட்டியிருக்கிறது;
அதைப் பார்க்காமல் ரொட்டி எடுக்கப் பழகிவிட்டோம்.

எனக்கு வாய்த்தது பதினொன்றாம் வீடு.
சுவரின் மண் கண்ணாடியாய் உருகி வழிந்திருக்கிறது.
தவறி விழுந்த பொறி இவ்வளவு சூடேற்றாது என்கிறாள் தூலின்.
போன கோடையில் இதே அளவில் மண்வீடு கட்டி
அவளே கொளுத்திப் பார்த்தாள்.
கூரை விழுந்தது. சுவர் சும்மா நின்றது.
ஆகவே, உள்ளே விறகும் வரட்டியும் அடுக்கி
விடிய விடிய ஊட்டியிருக்கிறார்கள் தீயை.
சொந்த வீட்டுக்கு.

தரையில் ஓர் எலும்பூசிகூட இல்லை.
அம்மி இருந்த பள்ளம் இருக்கிறது,
அம்மி போய்விட்டது.
மூலையில் ஒரு குதிர்.
குதிருக்குள் எவரும் ஒளிந்திருக்கவில்லை,
கருகிய பருப்புதான்:
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
எண்ணினேன். எண்ணத்தான் சம்பளம்.
தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் துளை.
இடையிடையே நாணல் சாம்பல்;
கூரையோ ஓக் மரம்.
வண்டு வராமலிருக்க யாரோ கலந்து வைத்தது,
வண்டு அதை மதிக்கவில்லை.
ஒரே ஒரு பருப்பில்
துளையின் வாசலில் தலை நீட்டியபடி
வண்டே இருந்தது.
வெளியே வர
அரை மில்லிமீட்டர் பாக்கி.

எங்கள் அறிக்கையில்
எல்லா வினைச்சொல்லும் ‘லாம்’ என்று முடியும்.
விட்டுச் சென்றிருக்கலாம். படைத்திருக்கலாம்.
தெரியாததைத் தெரியாது என்று எழுத
எங்களுக்கு வாய்த்த இரண்டெழுத்து.

தரையை ஒரு துண்டு வெட்டி,
பிசின் ஊற்றி இறுக்கி,
முடியைவிட மெல்லியதாய்ச் சீவி
நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் குழம்பினேன்.
சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல் நேராகச் சாம்பல்.
நடுவில் தூசி இல்லை.
ஒரு நாள் நடந்தால் படியும் தூசிகூட இல்லை.
பழைய பூச்சுகளுக்கு நடுவிலெல்லாம் இருக்கிறது,
கடைசியில் மட்டும் இல்லை.
தீ வைக்குமுன்
யாரோ வீட்டைக் கூட்டியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை ஷெஹ்முஸ் தாமதமாக வந்தான்.
மேட்டுக்கு மேற்கே அவன் ஊர்; அதற்கும் அதே தேதி.
“கதவைக் கழற்றினேன் ஹோஜம்,
நிலை, ஜன்னல், குழாய், எல்லாம் லாரியில்.
நாளைக்கு வந்து தோண்டுகிறவன்
கதவில்லாத ஜனங்கள் என்று எழுதட்டும்.”
கரணையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.
பிறகு, யாரும் கேட்காமலே,
“ரெவ்ஷன் விடவில்லை.
லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது,
இவள் வீட்டைக் கூட்டி
ஈரத்துணி போட்டுத் துடைக்கிறாள்.
அடுப்படி வரைக்கும்.”

நான் எழுந்தேவிட்டேன்.
ஏன் துடைத்தாள், நீ கேட்கவில்லையா?

“கேட்டேனே.
அழுக்காக இருக்கிறதாம்.”

அதை எந்தக் கட்டத்தில் நிரப்ப?
சாட்சி ஆகாது, அது தெரியும்.
எட்டாயிரம் ஆண்டைத் தாண்டி
ஒரு துடைப்பம் இன்னொரு துடைப்பத்துக்குப் பேசாது.
பதினொன்றாம் வீட்டில் கூட்டியது பெண்ணா ஆணா
என்பதுகூட எனக்குத் தெரியாது.
‘தரை சுத்தம் செய்யப்பட்டிருக்கலாம்’ என்று எழுதினேன்.
‘லாம்’ஐ அடித்தேன்.
சாயங்காலம் திரும்பப் போட்டேன்.

செவ்வாய் மதகு மூடினார்கள்.
இரண்டு வாளி மண் இன்னும் அலசவில்லை.
கூடாரம் பிரித்த பிறகும்
லாரியின் நிழலில் உட்கார்ந்து அலசினேன்.
கல் அடங்கிற்று, களி அடங்கிற்று.