முனையை ஒளிக்கும் இடம்

சுராமியில், நெடுஞ்சாலை ஓரம்,
எங்கள் அடுப்புகள் தரைக்குள் இறங்கிய மண்தாழிகள்.
இடுப்புவரை உள்ளே குனிந்து
வெந்நெருப்புச் சுவரில் ரொட்டியை அறைய வேண்டும்.
என் முடியும் இடுப்புவரை.
இரண்டும் ஒரே அளவு, அதுதான் சிக்கல்.

"வெட்டிவிடேன்" என்கிறான் ஸுராப்,
வேலியோரப் புல்லைச் சொல்வதுபோல.
வழுக்கைக்காரனிடம் யோசனை கேட்டது என் தப்பு.

காலை ஐந்து மணி. கண்ணாடி வேண்டாம்.
விரலுக்குத் தெரியாததா பிடரி?
தலையைக் கவிழ்த்து மொத்தத்தையும் முன்னால் கொட்டி
உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரே பிடி.
முறுக்கு. இன்னும் முறுக்கு.
களைத்துப்போய்த் தானே சுருண்டு உட்காரும்.
அப்போது பென்சிலை நுழைத்து
ஓரத்து முடியில் கொஞ்சம் வாரி
தலைகீழாய்த் திருப்பி
மண்டையை உரசியபடி மறுபக்கம் தள்ளு.
நாள் முழுக்க நிற்கும்,
யாராவது கடன் சொல்லி
நான் கணக்கெழுதப் பென்சிலை உருவும்வரை.

மழை நாளுக்குக் காலுறைக் கொண்டை.
மகனின் ஒற்றைக் காலுறை
(ஜோடியைத் துவைக்கும் எந்திரம் தின்றுவிட்டது),
விரல்முனையை வெட்டி, வளையமாய்ச் சுருட்டி,
குதிரைவாலின் நுனியிலிருந்து
உள்ளே உள்ளே உருட்டிக்கொண்டு வந்தால்
தலையில் ஒரு பன்.
திராட்சை மட்டும்தான் பாக்கி.

குளித்த அன்று பின்னாதே, வழுக்கும்.
மூன்றாம் நாள் முடிதான்
சொன்ன பேச்சைக் கேட்கும்.

அப்படியொரு மூன்றாம் நாளில்தான்
இரட்டைப் பின்னல் போட்டு
இடதை வலக் காதுக்கும்
வலதை இடக் காதுக்கும்
உச்சி வழியே ஏற்றிக் கட்டினேன்.
முடியே முடியாக.
லாரிகள் வேகம் குறைத்தன.
அன்று அறுபத்தி மூன்று ரொட்டி.

அடுத்த வியாழன்
பன்னிரண்டு அடி தள்ளி, எத்தேரி தலையிலும் அதே கிரீடம்.

எத்தேரியோடு எனக்கு இரண்டு வருடமாய்ப் பேச்சில்லை.
தன் மேஜையை ஒரு மீட்டர்
திபிலீசி பக்கமாய் நகர்த்தியவள்.
வரும் கார்கள் முதலில் அவளைப் பார்க்கட்டும் என்று.
இப்போது பின்னலும்.
ஸெஸ்தாஃபோனிக்காரன் ஒருவன்
எனக்குத் தரவேண்டிய பாக்கியை
"பின்னல்காரி" என்று அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.
வாங்கிக்கொண்டாள்.

இன்று பதினோரு மணிக்கு அந்த அலறல்.
லவங்கமும் பட்டையும் மணக்கும் காற்றில்
கருகிய முடியின் நாற்றம்
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது.
மாவுக் கையோடு ஓடினேன்.
குனிந்தபோது ஒரு பின்னல் அவிழ்ந்து விழுந்திருக்கிறது.
ஒரு சாண் போச்சு.
முகம் தப்பியது. புருவத்தில் பாதி தப்பியது.

தூரத்திலிருந்து திருடியிருக்கிறாள் பாவம்.
எல்லாம் சரியாய்ப் பார்த்தவள்
முனையை எங்கே ஒளிப்பது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

கவிழ்த்த பழக்கூடையில் உட்காரவைத்தேன்.
பாலித்தீன் வெட்டும் கத்தரியால் கருகலை நறுக்கினேன்.
மறுபடி வகிடு, மறுபடி முப்பிரி.
"நுனி வெளியே தெரியக் கூடாது.
முதல் பின்னலின் அடியில் செருகு.
ஊசியை நேராய்க் குத்தாதே,
எதிர்த் திசையில் நுழைத்துத் திருப்பு.
இப்போது தலையை ஆட்டு. இன்னும். மாடு மாதிரி."

ஆட்டினாள். நின்றது.
என் ஊசிகள் ஆறு.
அவள் காதோரம் என் கைமாவு வெள்ளையாய் ஒட்டியிருந்தது,
சொல்லவில்லை.

"மேஜையை நகர்த்த மாட்டேன்" என்றாள் முன்னால் பார்த்தபடி.
இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை.

"ஊசிகளை நாளைக்குத் தந்துவிடு" என்றேன்.

குதாயிசியிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்து
எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.
அந்தத் திசையிலிருந்து வந்தால்
முதலில் தெரிவது என் மேஜை.
அதை அவளும் யோசித்திருக்க வேண்டும்,
உதட்டைக் கடித்தாள்.

என் அடுப்பில் நான்கு ரொட்டி தீய்ந்துபோயிருந்தன.