பெங்களூர்க் கத்திரிக்காய்

வரப்போகிற பையன் பால் சாப்பிட மாட்டானாம்.
இருபத்திரண்டு வருடமாக
ஆஸ்டின் டவுனில் பால் பூத் வைத்திருக்கிறவனிடம்
இதைச் சொல்ல
ஜெசிந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள்,
பூசை முடிந்து வந்து நான் சட்டையைக் கழற்றும் நேரம்.

தயிர்?
ம்ஹூம்.
நெய்? மோர்?
மாட்டிலிருந்து வருகிற எதுவும் கிடையாது, அப்பா.
தேன்கூடக் கூடாதாம்.
தேனீ எந்த வகை மாடு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு விருந்து.
கருவியை அவளே வாங்கி வந்தாள்:
ஒரு கைப்பிடி, நாலு பிளேடு,
மேடையைக் கவ்விக்கொள்ளும் ரப்பர் கால்.
சுக்கினி கிலோ நூற்றி நாற்பது என்றான் கடைக்காரன்.
சௌசௌ போதும் என்று திரும்பினேன்.

தோல் சீவும்போதே விரலெல்லாம் பிசின்.
முள்ளில் குத்தி, பிளேடில் அழுத்தி, சுற்றினேன்.
முதலில் துண்டும் துணுக்கும்.
பிறகு திடீரென்று, அறுபடாமல்,
வெளிர்பச்சையாய் ஒரே இழை
மேடையைத் தாண்டி என் முட்டி வரை.
"ரெஜினா, இங்கே ஓடி வா!"
ஐம்பத்தாறு வயதில்
காய் பார்க்க மனைவியைக் கூப்பிட்டேன்.
நடுவில் மிஞ்சியது ஒரு பம்பரம், விதையோடு.
அதைக் கடித்துக்கொண்டே
இழைகளை உப்பில் பிசறித் தண்ணீர் பிழிந்தேன்.

"தேங்காய்ப் பாலும் பால்தானே" என்றேன்.
"அதுக்காகக் கன்னுக்குட்டி எதுவும் காத்துக்கிட்டு இல்லையே."
என்னிடம் பதில் இருந்தது.
பாக்கி நோட்டில் குறிப்பதுபோல்
மனசில் குறித்துக்கொண்டேன்.

திரியப்போகிற பால் எனக்குத் தெரியும்.
அடுப்பைத் தணித்தேன்,
கொதி வருமுன்பே இறக்கினேன்.
இஞ்சி, பச்சை மிளகாய், வெந்த பாசிப்பருப்பு,
எலுமிச்சை கடைசியில்.
விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன்.
குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படாதது
கொஞ்சம் வருத்தம்தான்.

குளித்துவிட்டு வந்தால்
நடையிலேயே மணம்.
"நெய்யிலா தாளித்தாய்?"
ரெஜினாவின் கை வாய்க்குப் போனது.
வேண்டுமென்று இல்லை.
முப்பது வருடமாகக் கரண்டி போய்ப் பழகிய வழி.
பிறகு, மெதுவாக:
"ஒரே ஒரு ஸ்பூன். யாருக்குத் தெரியப்போவுது?"

பன்னிரண்டே முக்கால்.
மெட்ரோ வாசலில் நிற்கிறாள் ஜெசிந்தா.

பூத்துக்கு முந்தி, கேனில் ஊற்றிய காலத்தில்,
தண்ணீர் கலந்தவன் என்று
ஒரு தெருவே என்னைச் சொன்னது.
கலக்கவில்லை.
யாருக்குத் தெரியும்?

சட்டியை மூடி ஃப்ரிட்ஜில் தள்ளினேன்.
மிச்சம் இரண்டே காய், அரை மூடித் தேங்காய்.
நான் சுற்றினேன்.
ரெஜினா துருவினாள், முதலில் பேசாமல்,
அப்புறம் என்னைத் திட்டிக்கொண்டே.
கடலை எண்ணெயில் கடுகு வெடிக்கும்போது
அழைப்பு மணி.

ஹாசன் பக்கத்துப் பையன். பிரஜ்வல்.
செருப்பை ஜோடியாக வைத்தான்;
தோல் இல்லை, பார்த்தேன்.
இழையை ஸ்பூனில் சுருட்டத் தெரியாமல்
கையால் அள்ளினான், தாடையில் வழிந்தது.
"ஸீமெ பதனெகாயா, அங்கிள்?"
சீமைக் கத்திரிக்காயாம் அவனுக்கு.
"நாங்க இதைப் பெங்களூர்க் கத்திரிக்காய்னு சொல்வோம்."
"பெங்களூர்ல இருந்துக்கிட்டேவா?"
முதலில் சிரித்தது ரெஜினா.

அளவு குறைவு.
எனக்குப் பசியில்லை என்று
முன்பே சொல்லியிருந்தேன்.

விடிகாலை நாலு மணி.
லாரி வர இன்னும் ஐந்து நிமிடம்.
காலி டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
நெய் உறைந்து, இழையோடு இழை ஒட்டி,
ஒரே கட்டி.
ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன்.
வந்துகொண்டே இருந்தது.