இலை வண்ண அட்டை

வேளாண்மை ஆபீசர் கொடுத்தது.
பிளாஸ்டிக் அட்டை, சாண் நீளம்,
வெளிறியதில் தொடங்கிக் கறுத்தது வரை
பச்சையில் ஆறு பட்டை.
நேர்வெயில் படக்கூடாதாம்.
அதனால் சூரியனுக்கு முதுகைக் கொடுத்து
என் நிழலுக்குள் இலையைப் பிடிக்கிறேன்.
பத்து இலை பார்க்கணும்.
ஆறு இலை நாலாம் பட்டைக்குக் கீழே வெளுத்திருந்தால்
யூரியா போடு,
இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ.

இன்றைக்கு வெளுத்தது ஐந்து.

ஐந்துக்கு என்ன செய்ய என்று
அட்டையில் எழுதியில்லை.

கன்னடியன் கால்வாய் மடைக்குக் கீழே
ஒன்றரை ஏக்கர், வாரத்துக்கு.
பிசானம். அம்பை பதினாறு.
நட்டு முப்பத்தெட்டாம் நாள்.

போன பிசானத்தில் உரக்கடைப் பக்கமே போகவில்லை.
தக்கைப்பூண்டு விதைத்து, பூக்குமுன் மடக்கி உழுது,
சாணியும் கோமியமும் வெல்லமும் கரைத்து
பலவேசம் குடம் குடமாகச் சுமந்தார்.
மேலவயல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு
வரப்பு மாறி நடந்தார்.
தவளை வந்தது. நண்டு வந்தது.
இரண்டையும் தேடி அத்தனை கொக்கு.
அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.
நாற்பது மூடை கண்ட இடத்தில்
இருபத்திமூன்று.
கொக்கை மரக்காலில் அளந்து
வாரம் கட்ட முடியுமா?

வண்ணார்பேட்டைக் கடைக்காரர் நல்ல விலைக்கே எடுத்தார்,
பொய் சொல்லக்கூடாது.
ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கையில் உள்ளே போய்ப் பார்த்தேன்.
துணிப்பைக்குள் என் அரிசி, வாயில் சணல் முடிச்சு,
கிலோ நூற்றிப்பத்து.
கையிலிருந்ததை எண்ணிவிட்டு
தீப்பெட்டி இருக்கா என்று கேட்டு வெளியே வந்தேன்.

பலவேசம் ஒரு வழி சொல்கிறார்:
“வரப்போரம் பத்து சென்டு நமக்குன்னு ஒதுக்குவோம்,
அதுல மருந்து வேண்டாம்.
மத்ததுக்கு அடிச்சி, போடுததப் போட்டு
கொள்முதலுக்குக் கொண்டு போவோம்.
எல்லாவனும் அப்படித்தான செய்தான்?”

செய்கிறார்கள்தான்.
நான் பதில் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு மேல் நான் பள்ளிக்கூடத்தில்.
சத்துணவு. எண்பத்தேழு பிள்ளைகள்.
கொள்முதலுக்குப் போன நெல்
எந்த ஆலையில் அவிந்து, எந்தக் குடோனில் கிடந்து
எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது.
எங்கள் பள்ளிக்கு வரும் மூடையில் முத்திரை உண்டு,
ஊர்ப்பேர் கிடையாது.
முக்கூடல் நெல்லாக இருக்கும்,
என் நெல்லாகவும் இருக்கும்.
களையும்போது தண்ணீரை மோந்து பார்க்கிறேன்.
தண்ணீர் வாசந்தான் அடிக்கிறது.

நாலாம் வகுப்பு சேர்மக்கனி
மற்ற நாள் ஒரு கரண்டியோடு எழுந்துவிடுவாள்.
திங்கட்கிழமை மட்டும் மூன்று தரம் வருவாள்.
தட்டை நீட்டுவாள், வாயைத் திறக்க மாட்டாள்.
ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் என்ன என்று
நானும் கேட்டதில்லை.

அவளுக்கு விஷம் வைக்கக்கூடாது.
அவளுக்கு இல்லை என்றும் சொல்லக்கூடாது.
இந்த இரண்டு வரியையும் ஒரே வயலில் நட
எனக்கு இன்னும் கை வரவில்லை.

இந்த வருஷமும் தக்கைப்பூண்டு உழுதோம்.
அதன்மேல் கொஞ்சம் யூரியா, அட்டை சொன்னால் மட்டும்.
குருத்து காய்ந்த தூரை நடந்து எண்ணுகிறேன்,
நூற்றுக்குப் பத்து ஆகிறவரை மருந்து கிடையாது.
“அரை மூடையாக்கா?” என்று சிரிக்கிறார்
உரக்கடை மைதீன் பிச்சை.
“முழு மூடையில மானியம், பாதியில என்னத்த?”
இயற்கைக் குழுவிலும் என்னை எடுத்துவிட்டார்கள்,
கலப்படக்காரி என்று.

விதிமுறையில் இல்லாத
பதினோராவது இலையைப் பிடித்தேன்.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றது,
அல்லது என் நிழல் ஆடியது.

மேற்கு மூலை வெளுப்புக்கு மட்டும் நாளைக்கு ஒரு கை.
மற்றது இன்னும் நாலு நாள் பார்ப்போம்.
தப்பாகவும் போகலாம்.

அட்டையைக் கழுவி இடுப்பில் செருகிக்கொண்டு
கால் சேற்றோடு ஓடினேன்.
பிள்ளைக்கு நூறு கிராம்.
எண்பத்தேழுக்கு எட்டு கிலோ எழுநூறு.

இன்றைக்குத் திங்கட்கிழமை.
அதற்குத் தனிக் கணக்குக் கிடையாது.