கழிவு போக முப்பத்தெட்டு

மூன்றாம் சீட்டைக் கேட்டு எடுத்தேன்.
கழிவு போக முப்பத்தெட்டாயிரம்.
யோகதாசிடம் முதலே சொல்லிவிட்டேன்:
இதற்குள் தண்ணீர் மோட்டரும் இல்லை,
உங்கள் மருமகளின் சாமத்தியச் சங்கிலியும் இல்லை.
"சுடுறதுக்குத்தானே?" என்றார்.
ஓம். சுடுகிறதற்குத்தான்.

பகலில் மீனவர் சங்கத்தில் கணக்கெழுதுகிறேன்.
இரவு பத்துக்குப் பிறகு
நாவலடிக் காற்று ஜன்னல் கம்பியில் உப்புப் பூசும் நேரம்
ஹெட்போனுக்குள் ஓட்டமாவடியிலிருந்து அஸ்மீர் கத்துவான்:
"அக்கா வலப்பக்கம்! வலப்பக்கம்!"
நான் திரும்புவேன்.
படம் திரும்பாது.
படம் திரும்பும்போது
நான் செத்து அரைச் செக்கன் ஆகியிருக்கும்.

கதவைத் திறக்கிற என் கையை
செத்த பிறகு பார்ப்பது
எப்படியிருக்கும் என்று சங்கத்தில் யாருக்குச் சொல்ல?

எல்லோரிடமும் ஒரே மருந்து: கார்டை மாத்து.
அஸ்மீரும் அதையே சொன்னான்,
கட்டாரிலிருந்து டிலக்ஷன் நாலு நிமிடக் குரல் அனுப்பினான்.
காத்தான்குடியில், பவுசானின் கடைக் கண்ணாடிக்குள்
மூன்று விசிறியோடு அது இருந்தது
கல்யாண வீட்டுச் சோடனை மாதிரி நிறம் மாறி மாறி.
முப்பத்தேழு ஐந்நூறு.
மிச்சக் காசு பஸ்ஸுக்கும் இரண்டு ரோல்ஸுக்கும் காணும்.
கையில் வாங்கிப் பார்த்தேன். அந்தப் பாரம் எனக்குப் பிடித்தது.
திருப்பிக் கொடுத்தேன்.

கணக்கெழுதுகிறவளின் பழக்கம்,
செலவுக்கு முன் ஒழுக்கைத் தேடுவது.
அன்றிரவு திரையின் மூலையில் எண்களை ஓடவிட்டு
அவற்றையே பார்த்தபடி நாலுதரம் செத்தேன்.
புரசசர் நூறு. நூறு. தொண்ணூற்றொன்பது. நூறு.
கார்ட் நாற்பத்தொன்று.
வேலைக்கு வந்து கைகட்டி நிற்கிறது,
பாவம், அதையா மாற்றச் சொன்னார்கள்.

பழைய கல்லடிப் பாலம் ஞாபகம் வந்தது.
இரும்புச் சட்டத்துக்குள் ஒரேயொரு வழி.
அந்தப் பக்கத்து வாகனமெல்லாம் வந்து முடியும்வரை
இந்தப் பக்கத்து பஸ்ஸில் வெள்ளைச் சட்டை நனைய நனைய
முதலாம் பாடத்தைப் பலமுறை அங்கேயே தொலைத்தேன்.
நின்ற சாரதிமாரில் ஒருவராவது
எனக்கு இன்னும் பெரிய பஸ் தா என்று கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்தேன்.
திருகாணிகளில் துரு.
புரசசருக்கு மேலே பசை காய்ந்து
வெற்றிலைச் சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
பவர் சப்ளையில் ஐந்நூறு வாட் என்று எழுதியிருக்கிறது,
செய்தவன் பெயர் எழுதியில்லை.
உள்ளே, விசிறிக்குப் பின்னால்
இரண்டு பல்லி முட்டை.

"கண்ணாடிக்குள்ள இருந்தது வேணாமா மிஸ்?"
வேணாம்.
அதே சொக்கெட்டில் உட்காரக்கூடிய நாலு கோர் ஒன்று,
ஏதோ வங்கிக் கிளை கழித்துவிட்டது, பதினேழு ஐந்நூறு.
என் காப்பின் வட்டியைக்கூட
ஒருகாலம் அதுவே கூட்டியிருக்கலாம்.
ஒரு ரேம், ஐயாயிரத்து இருநூறு.
பெயருள்ள பவர் சப்ளை பதினொராயிரம்;
அங்கேதான் கை பின்வாங்கியது.
பதினொராயிரத்துக்கு ஒரு பிரேம்கூடக் கூடாது.
ஆனால் இந்த உப்புக் காற்றில்
ஒருநாள் அது வெடித்தால் மற்றதெல்லாம் அதோடு போகும்.
வாங்கினேன்.
பசை தொள்ளாயிரம்.
எஸ்.எஸ்.டி.க்குக் காசு எட்டவில்லை.
மப் திறந்து வருவதற்குள் தேத்தண்ணி ஊற்றலாம், பரவாயில்லை.

கொண்டுவந்து பூட்டிய இரவு
யோகதாஸ் எட்டிப் பார்த்தார்.
"என்ன, ஒண்டும் புதுசா மினுங்கயில்லையே?"
ஒண்டும் மினுங்காது.
முப்பத்திரண்டில் தள்ளாடியது அறுபதைத் தொட்டது.
அஸ்மீர் கத்தினான், திரும்பினேன்,
படமும் என்னோடு திரும்பியது.
படிக்கட்டில் குந்தியிருந்தவனின்
தொப்பி, முழங்கால், துப்பாக்கி வாய், எல்லாம் கண்டேன்.
சுட்டான். செத்தேன்.
இப்போதும் சாகிறேன்தான்,
ஆனால் ஆளைக் கண்டுவிட்டுச் சாகிறேன்.

மூலையில் எண்கள்.
புரசசர் அறுபத்திரண்டு.
கார்ட் தொண்ணூற்றெட்டு.

பழைய பவர் சப்ளையை முட்டைகளோடு கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.
அடுத்த சீட்டு ஆவணியில்.