எவன்

அட்டன் தியேட்டரில் சனிக்கிழமை இரண்டாம் ஆட்டம்.
இங்கிலீசுப் படம். வாள்சண்டை நிச்சயம் என்று
போஸ்டரில் ஒரு ஆள் பாவாடை கட்டி நின்றான்.
அறுபத்தைந்து சதக் கலரியில் எங்கள் டிவிசனே இருந்தது.
நான் ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு எழுத்துக் குத்துகிறவன்,
ஐந்தாம் வகுப்பு இங்கிலீசு.
ஆகவே கதை சொல்லும் வேலை என் தலையில்.

"ஆளு பேரென்ன?"
திரையில் ஓடியதை எழுத்துக் கூட்டினேன். "எவன்."
"அதான், எவன்னு கேக்கிறோம்."
"எவன்தான்."
முன்வரிசை சிரித்து முடிவதற்குள்
இரண்டு குதிரை செத்திருந்தது.

சிவனம்மாதான் கண்டுபிடித்தாள்:
"அது பாவாடையில்ல, படங்கு.
மிலாறு குத்தாம நம்மள மாதிரி
இடுப்புல இறுக்கியிருக்கான் பாரு."
மலையும் நம்ம மலைதான். அதே மூட்டம், அதே ஈரக் கல்,
அட்டை மட்டும் இல்லை.
பையொன்றைக் கக்கத்தில் இடுக்கி ஒருத்தன் ஊதினான்,
நாயனக்காரர் எழுந்து போனபின்
ஒத்து மட்டும் தனியே அழுவது போல.

பிறகு, பள்ளத்தாக்கு வாசலில் ஒரு பலகை:
க்ளெனார்டன்.
நாங்கள் கிளியாடன் தோட்டம்.
கிளி ஆடின இடமென்றே நினைத்திருந்தார்கள் எங்கள் ஆட்கள்.
அதே எழுத்தை நாளைக்கு நாற்பது தரம் குத்துகிற நானும்
அது ஒரு ஊர் என்று நினைத்ததில்லை.
விசில் பறந்தது. "நம்ம இடம்டா! லயம் எங்கடா?"
லயம் இல்லை. பிரட்டுக் களம் இல்லை.
இருந்த ஏழெட்டுக் கல்வீட்டையும்
பட்டாளம் வந்து கொளுத்தியது.

எவனுக்குத் தூக்கு.
செத்த ஆத்தாளைப் புதைக்க ஏழு நாள் கேட்டான்,
திரும்பி வருவேன் என்றான், அவிழ்த்துவிட்டார்கள்.
புதைத்தான். கரையில் கப்பல்.
கூட்டாளிகள் கை நீட்டுகிறார்கள்.
"ஏறுடா!" கலரியே கத்தியது.
அவன் மழையில் வந்த வழியே நடந்தான்.

"ஏண்டா திரும்பிப் போறான்?"
கேட்டது மூக்காண்டி. கப்பலைக் கண்டதும் குனிந்தவன்
அப்போதுதான் நிமிர்ந்தான்.
அவனுக்குப் பேர் வந்துவிட்டது,
வியாழக்கிழமை தலைமன்னார்க் கோச்சி.

படத்தில் வாய்க்கு வாய் ஆனர், ஆனர் என்றார்கள்.
மானம் என்று சொல்லிப் பார்த்தேன்,
பொம்பளைகள் முந்தானையை இழுத்துவிட்டார்கள்.
கௌரவம் என்றால் பெரிய கிளாக்கரின் குடை.
நாணயம் என்றேன்,
மூக்காண்டி மடியைத் தொட்டுப் பார்த்தான்.

கயிறு விழும்போது எவன் ஏதோ சொன்னான், மூன்றே வார்த்தை.
எனக்குப் பிடிபடவில்லை.
கலரி முழுக்க என் வாயைப் பார்க்கிறது.
கொழுந்து நிறுக்கையில் தண்ணிக்கென்று
இரண்டு றாத்தல் வெட்டுவார்களே,
அது எங்கிருந்தோ நாக்கில் வந்து நின்றது.
"என் சொல்லுக்குத் தண்ணி கழிக்க ஏலாது. அப்படீங்கிறான்."

ஒருத்தரும் கைதட்டவில்லை.

வெளியே மழை. லொறி உறுமியது. மூக்காண்டி ஏறவில்லை.
டவுன் முடியும் இடத்தில் தையல்காரர் பியதிலக்கவின்
பலகைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றான்.
முப்பத்திரண்டு ரூபாய், மகள் சடங்குக்கு எடுத்த துணி.
கடல் தாண்டினால் எவன் கேட்பான்?
விளக்கு வெளிச்சத்தில் எண்ணி வைத்ததைத்
தார்ப்பாய் இடுக்கில் கண்டேன்.
அக்கரைக்கென்று முடிந்திருந்த காசு.

வியாழக்கிழமை ஸ்டேசனில் அவன் பெண்சாதி
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"கத சொன்னவன் வந்திருக்கான்" என்றாள், டிரங்குப் பெட்டியிடம்.
மூக்காண்டி ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னான்.
எஞ்சின் கூவியதில் அதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

பதினோரு வருசம் கழித்து
பெரிய கிளாக்கர் மகன் வீடியோவில் அந்தப் படம் பார்த்தான்.
கடைசியில் என்ன சொல்கிறான், தம்பி?
"அதுவா? 'இன்னைக்கு நல்ல குளிர்.' அவ்வளவுதான்."

சரி என்றேன்.
அடுத்த பெட்டியைப் புரட்டி, மை தொட்டு,
பேரைக் குத்தினேன்
இங்கிலீசில், பிழையில்லாமல்.